கிறவல் ரோட்டில் கண்மூடும் மீட்டர்

"இண்டைக்கும் நிண்டு போச்சு!"

சைக்கிளைச் சுவரில் சாத்துவதற்கு முன்பே உசாந்தி அக்கா கத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி.

மாலை வகுப்புக்குப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த மேனுகா ஓடி வந்தாள். அக்காவின் சைக்கிள் ஹாண்டிலில் பூட்டியிருந்த ஜீபிஎஸ் மீட்டரின் திரை கறுப்பாகக் கிடந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி அது. நாம் போன வழியைக் கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். சைக்கிளோட்டப் பயிற்சி கொடுக்கும் கனகசிங்கம் சேர் அதை அக்காவிடம் கொடுத்திருந்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து புறப்பட்டு, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் வயல் வட்டைகளுக்கு நடுவே போகும், சரளைக்கல் பரப்பிய கிறவல் ரோட்டைச் சுற்றி வரவேண்டும். கோடு முழுதாக இருந்தால்தான் மாவட்டப் போட்டிக்கு அக்காவின் பெயர் போகும்.

முதல் தடவை கோடு முழுதாக வந்தது. அதன் பிறகு எப்போதும் கிறவல் ரோட்டிலேயே அறுந்தது.

"சேர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மேனுகா.

"மீட்டர் நிண்ட இடத்தில நீயும் நிண்டு இளநீர் குடிச்சியாண்டு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க." அக்கா காலிலிருந்த புழுதியைத் தட்டினாள். "நான் முழுக்க ஓடினன், புள்ள. வாற ஞாயிறு கடைசித் தடவையாம். அதுவும் அறுந்தா வேற ஆளப் போடுவாராம்."

"நான் பாக்கட்டா?"

கேட்ட உடனேயே மேனுகாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் அப்படித்தான். மாலை வகுப்பில் கணக்கைப் படிப்படியாகச் செய்வாள். சரியான விடையும் வரும். 'இவ்வளவு சுலபமாக வராதே' என்று நினைத்து, அதை அழித்துவிட்டுப் பிழையான விடையை எழுதி வைப்பாள்.

"பாரு. ஆனா பிரிச்சு மேஞ்சிராத" என்றாள் அக்கா.

மேனுகா மீட்டரை மறுபடி இயக்கினாள். பட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது.

"பசியில்ல. ஆனாலும் மயங்குது" என்று முணுமுணுத்தாள்.

பிறகு அதன் அமைப்புகளைத் தேடிப் பார்த்தாள். அசையாமல் இருந்தால் தானாக அணைந்துவிடும் என்று ஓரிடத்தில் இருந்தது. அதை நிறுத்தினாள். அடுத்த நாள் அக்கா ஓடினாள். கோடு அறுந்தது.

ஒருவேளை மீட்டர் ஆடுகிறதோ? பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, மீட்டரை ஹாண்டிலோடு இறுக்கிக் கட்டினாள்.

"என்ன புள்ள இது? மீட்டருக்குக் கால் முறிஞ்சிட்டா?" என்று அக்கா கேலி செய்தாள். அன்றைக்கும் கோடு அறுந்தது.

"நாலஞ்சையும் ஒண்டாச் செஞ்சு பாரன்" என்றாள் அக்கா, பொறுமையில்லாமல்.

"அப்ப எதால சரி வந்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

சனிக்கிழமை காலை, மேனுகா மீட்டரைத் தன்னுடைய சைக்கிளில் பூட்டினாள். "உன்ட சைக்கிள்ல பிழையா, மீட்டர்ல பிழையாண்டு பாப்பம்" என்றாள். இருவரும் பாலத்தைத் தாண்டிக் கிறவல் ரோட்டுக்குப் போனார்கள். அக்கா முன்னே போக, மேனுகா ஆமை வேகத்தில் பின்னே வந்தாள். சைக்கிள் கடகடவென்று குலுங்கியது.

'கீக்!'

மேனுகா பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள். திரையில் 'அணைக்கப் போகிறேன்' என்று வந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. திரை கறுத்தது.

"அக்கா! இது தானா நிக்கல்ல. ஆரோ நிப்பாட்டுறாங்க!"

அக்கா சுற்றிலும் பார்த்தாள். அறுவடை முடிந்த வட்டையில் ஒரு மாடு நின்றது. அதன் முதுகில் ஒரு கொக்கு.

"ஆரு? அந்தக் கொக்கா?"

"பகிடி விடாத. இப்ப ஒரு சத்தம் கேட்டிச்சே, உனக்கு ஒருநாளும் கேக்கல்லியா?"

"ஓடக்குள்ள காதில காத்துதான் கேக்கும்."

"இந்தப் பொத்தானை அமுக்கிப் பிடிச்சாத்தான் இது இப்பிடி எண்ணிச் சொல்லிட்டு அணையும். நாம அமுக்கல்ல. அப்ப பொத்தான்..."

திரைக்கு மேலே நடுவில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. மேனுகா குனிந்து பார்த்தாள். அது உள்ளே போனபடியே இருந்தது. வெளியே வரவில்லை. அதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சந்தனம்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருவாள். தையல் மெசினுக்கு ஒரு பொட்டு, பிரிட்ஜுக்கு ஒரு பொட்டு, தண்ணீர் மோட்டருக்கு ஒரு பொட்டு. மீட்டர் வந்த பிறகு அதற்கும் ஒன்று.

"நான் ஒவ்வொரு நாளும் துடைச்சிட்டுத்தானே போறன்?" என்றாள் அக்கா.

"துடைக்கக்குள்ள இடுக்குக்குள்ள போய்க் காஞ்சிரிக்கு. கிறவல்ல குலுங்கினதும் பொத்தான் உள்ள போய் ஒட்டுது. பிறகு எப்பவோ தானா விட்டிரும்."

அக்கா தலையில் கைவைத்தாள். "ஐயோ, அம்மாட பொட்டாலயா நான் இவ்வளவு பேச்சு வாங்கின? இருக்கு, வீட்ட போய் அம்மாக்கு..."

"ஏசாத அக்கா. நீ பத்திரமா வரவேணும் எண்டுதானே அம்மா வைக்கிறா."

அக்கா தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

மேனுகா கைலேஞ்சித் துணியை நனைத்துப் பொத்தானை ஒற்றி ஒற்றி எடுத்தாள். காய்ந்த புல்தண்டால் இடுக்கைக் கிண்டினாள். சற்று நேரத்தில் பொத்தான் 'டிக்' என்று வெளியே வந்தது.

'இவ்வளவு சுலபமாக வராதே' என்று மனம் சொன்னது. அவள் சைக்கிளில் ஏறி, கிறவல் ரோட்டின் முடிவுவரை போய்த் திரும்பி வந்தாள். மீட்டர் கண்மூடவில்லை. இந்த விடையை அழிக்கத் தேவையில்லை.

ஆனால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அது மேனுகாவுக்கு மீட்டரைவிடக் கடினமான கணக்காக இருந்தது.

ஞாயிறு காலை அக்கா புறப்படும் நேரம் அம்மா கிண்ணத்தோடு வந்தாள். "இண்டைக்கும் ஒண்டு வைப்பம்" என்று விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். விரல் நேராகப் பொத்தானை நோக்கிப் போனது.

"அம்மா!" என்றாள் மேனுகா.

"என்ன மகள்?"

"அது... அது நெத்தி இல்லம்மா."

"பின்ன?"

"வாய். சந்தனம் காஞ்சு வாய் ஒட்டிப் போச்சு. அதான் நடுவில நிண்டு நிண்டு போன. நெத்தி இஞ்ச இரிக்கு." ஹாண்டிலுக்குக் கீழே, சைக்கிளின் முன்பக்கத்தில் இருந்த தட்டையான இடத்தைக் காட்டினாள்.

அம்மா மீட்டரைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். "அப்ப இத்தின நாளும் நானா அதுட வாயைப் பூட்டின?"

மேனுகா மெல்லத் தலையாட்டினாள்.

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். கிண்ணம் குலுங்கும்வரை சிரித்தாள். "இது தெரிஞ்சிருந்தா உங்கட அப்பாக்கும் ஒருக்கா வச்சுப் பாத்திருப்பன்!"

"அங்க என்ன சிரிப்பு?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்மா சைக்கிளின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள். அக்கா புறப்பட்டாள்.

மேனுகா பாலத்தடியில் கனகசிங்கம் சேரோடு காத்திருந்தாள். மீன் வாங்க வந்தவர்கள் போனார்கள், வந்தார்கள். மேனுகா பாலத்தின் மறுமுனையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அக்கா வந்தாள். முகம், கால், சைக்கிள் எல்லாம் செம்மண் புழுதி. மீட்டரின் திரை பளிச்சென்று இருந்தது.

சேர் மீட்டரை வாங்கிப் பார்த்தார். கோடு களுவாஞ்சிக்குடியில் தொடங்கி, பாலத்தைத் தாண்டி, கிறவல் ரோட்டைச் சுற்றி, மறுபடி பாலத்தடியில் வந்து முடிந்திருந்தது.

"நான் அண்டைக்கு இளநீர்க் கதை சொன்னது பிழை, புள்ள" என்றார் சேர். "இவ்வளவு நாளும் ஏன் நிண்டது?"

"பொத்தான் இறுகிக் கிடந்திச்சு, சேர். தங்கச்சிதான் கண்டுபிடிச்சா."

"சரியாத்தான் கண்டுபிடிச்சிரிக்கா?" என்று சேர் மேனுகாவைப் பார்த்துச் சிரித்தார்.

'தெரியா' என்ற சொல் மேனுகாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ஓம், சேர்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும், அம்மா புதிதாக வாங்கிய ரைஸ் குக்கருக்கு முன்னால் நின்றாள். சந்தனம் தோய்ந்த விரல் காற்றில் அப்படியே நின்றது.

"மேனுகா, கொஞ்சம் இஞ்ச வா மகள்" என்று கூப்பிட்டாள். "இதுக்கு வாய் எது, நெத்தி எது?"