சுருட்டாத ஓவியம்

மாதுளையின் தோலில் அந்தக் கீறல் நேற்று இல்லை.

கட்டிலுக்கு எதிரே தொங்கிய சுருள் ஓவியத்தை வெய்ஜென் படுத்தபடியே பார்த்தாள். ஒரே கிளையில் இரண்டு மாதுளைகள். ஒன்று எப்போதோ பிளந்து, முத்துகள் கருத்துப்போயிருந்தன. மற்றது நேற்றுவரை மூடியிருந்தது. வெளியே, பிளம் பழுக்கும் காலத்து மழை கால்வாய்ப் படிகளில் விடாமல் ஒழுகி, சுவரையும் தலையணையையும் அரிசியையும்கூட பூஞ்சை வாடையில் ஊறவைத்துக்கொண்டிருந்தது. இந்த ஈரத்துக்குப் பயந்து சுஜோ நகரில் எல்லா வீட்டிலும் ஓவியங்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மாமியாரும் கூடத்தில் இருந்தவற்றைச் சுருட்டிவிட்டாள். இதை மட்டும் தொடவில்லை.

இஞ்சிக் கஷாயத்தோடு மாமியார் உள்ளே வந்தாள்.

"அத்தை, இதையும் எடுத்துடலாமே. பூஞ்சை புடிச்சிடும்."

"இதுக்குப் புடிக்காது. புள்ளத்தாச்சி அறையில மாதுளை தொங்கணும். ஷாங்காய்ல படிச்சவளுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும்."

"மூத்த அக்கா அறையிலயும் இதுதான் தொங்குச்சாமே?"

கிண்ணத்தில் கரண்டி ஒரு கணம் நின்றது.

"அவளுக்குக் குடுத்துவைக்கல. குடி, ஆறிடும்."

மூத்த மருமகளின் குழந்தை அழாமலே பிறந்தது. தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

மாமியார் போனதும் கஷாயத்தை வெய்ஜென் ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள். நான் தூங்கும்போது தூரிகையோடு வந்து கீறலை வரைகிறாளா? எதற்கு? நானும் பயந்து ஓடிப்போகட்டும் என்றா? மதியம் கண்ணயர்ந்து எழுந்தபோது கீறல் அகன்றிருந்தது. உள்ளே சிவப்பு. பக்கத்தில் போய்த் தொட்டாள். விரலில் ஈரம். சாயத்தின் வாடை இல்லை. நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து குழந்தை உதைக்கவில்லை.

வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பக்கவாட்டில் தட்டினாள். ஒன்றுமில்லை. ஓவியத்தைக் கழற்றினாள். அடியில் இருந்த உருளைக் கட்டையிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டினாள். இதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் போதும். சுருட்டச் சுருட்டக் கனத்தது. வெறும் பட்டும் காகிதமும்தானே. இவ்வளவு கனமா?

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

மார்போடு அணைத்துக்கொண்டாள். வயிறு அசையவில்லை.

சுருளுக்குள் ஏதோ உதைத்தது.

வாசற்படியில் மாமியார் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.

"மெதுவா குடும்மா. தலையைத் தாங்கிப் புடி."