மேசைக்கணினியின் பேட்டரி

திரையின் வலது மேல் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பேட்டரியின் சிறு படம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதனருகே எண்பத்து மூன்று சதவீதம் என்று காட்டியது. ராஜசேகரன் காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே குனிந்து அதைப் பார்த்தார். மேசைக்கணினிக்குப் பேட்டரி கிடையாது. நேரு பிளேஸில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, அவரே திருகாணி முடுக்கிப் பூட்டிய கணினி அது. நேரத்தை மறக்காமல் இருப்பதற்காக உள்ளே பொருத்திய பொத்தான் அளவுச் செல்லைத் தவிர, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை.

சனிக்கிழமை காலை. தில்லியின் மோதி பாக் குடியிருப்பு முழுவதையும் தை மாதத்துப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. ஜன்னலுக்கு நேரே நின்ற வேப்பமரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே காவலாளி எரித்துக் குளிர்காயும் சருகின் கரிப்பு வாசனை மட்டும் மூன்றாம் மாடிவரை ஏறிவந்து, மூடிய கதவின் இடுக்குகளில் நுழைந்துகொண்டிருந்தது.

காரணம் விளங்கியதும் ராஜசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரியாக இருக்கும் அவர், மகள் அபிராமிக்காகத்தான் இந்தக் கணினியைக் கட்டினார். அவள் திரைப்படத் தொகுப்பு படிக்கிறாள். அவளுடைய கல்லூரி கேட்கும் மென்பொருள் மேக் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில்தான் ஓடும். அந்த அமைப்போ வெளியார் கட்டிய இயந்திரத்தில் தானாகக் குடியேறாது. ஆகவே கணினி விழிக்கும் முதல் நொடியிலேயே, ஒரு சிறு கோப்பின் வழியாக, ‘நானும் உன்னைச் சேர்ந்தவன்தான், என் மாடல் இன்னது’ என்று அதனிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். சொன்னால் நம்பிவிடும்.

முதலில் அவர் மேசைக்கணினியின் மாடல் பெயரைத்தான் சொல்லிப் பார்த்தார். படம் நடுங்கியது, உறங்கவைத்தால் உறங்க மறுத்தது. அலுவலகம் விட்டு வந்த மாலைகளையெல்லாம் அந்தக் கோப்பின் வரிகளை மாற்றுவதில் செலவிட்டபின், இதே வேலையில் ஈடுபட்ட யாரோ ஒருவர் இணையத்தில் சொன்ன யோசனைப்படி மடிக்கணினி ஒன்றின் பெயரை எழுதினார். உடனே எல்லாம் சீராயிற்று. படம் நீரோடை போல ஓடியது. மடிக்கணினி என்று சொன்னதால் பேட்டரியைத் தேடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேடியிருக்கிறது, சரி. எதைக் கண்டுபிடித்து எண்பத்து மூன்று என்கிறது?

அந்தக் கேள்வியை அவர் தள்ளிவைத்தார். ஆனால் அதன் பின்னாலேயே முதல்நாள் மாலை நடந்த சிறு வேடிக்கை நினைவுக்கு வந்தது. புதுக் கணினியில் அபிராமி தன் பெயரைப் பதிந்துகொண்டிருந்தாள்.

“அப்பா, விரல வைக்கச் சொல்லுது.”

“எங்கம்மா வைக்கிறது? அதுக்கு உண்டான பட்டனே இதுல கெடையாதே. ஸ்கிப் பண்ணு.”

“பேச்சாரா, பாவம், ஆசையாக் கேக்குதுப்பா.” சிரித்துக்கொண்டே அவள் கட்டைவிரலைக் கணினிப் பெட்டியின் இரும்பு விளிம்பில் வைத்தாள். திரையிலிருந்த வெற்று வட்டம் மெல்ல மெல்லச் சிவந்து நிறைந்தது. பதிவு முடிந்தது என்று எழுத்து வந்தது.

“அச்சா! நீங்க ஒரு பொய் சொன்னா அது ரெண்டு சொல்லுதுப்பா,” என்றாள் அபிராமி.

அவர்களுக்கிடையே ஒரு பழைய கதை உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது, தூங்கவைப்பதற்காக ராஜசேகரன் தாமாகவே கட்டிச் சொன்னது. மாடு வாங்க வழியில்லாத ஒருவன் கல்லில் ஒரு பசுவைச் செதுக்கி, ‘நீ பசு, நீ பசு’ என்று தினமும் அதன் காதில் சொல்லி, முன்னால் ஒரு பிடி புல்லும் வைத்து வந்தான். ஒருநாள் விடியற்காலையில் கல் பசு கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. அதற்குப் பசித்தது. கதை அங்கே முடிந்துவிடும். “புல்லு பத்தலைன்னா அது என்னப்பா திங்கும்?” என்று குழந்தை கேட்கும். “கதை அவ்வளவுதான், கண்ண மூடு” என்பார் அவர்.

“ஏங்க, அந்தப் பொட்டியத் தாலி கட்டிக் கூட்டியாந்த மாதிரி பாத்துக்கிட்டே நிக்கியளே, காப்பி ஆறுது,” என்று சொல்லிக்கொண்டு மனைவி ஜெயலட்சுமி உள்ளே வந்தாள். மகளுக்குக் கொண்டுவந்த தம்ளரை, வழக்கம்போல, புறங்கையால் மவுஸை ஒதுக்கிவிட்டு மேசைமேல் வைத்தாள்.

“மவுஸத் தள்ளாதன்னு எத்தன தடவ சொல்றது?”

“இந்த வீட்ல தம்ளர் வைக்க எடமில்ல, எலிக்கு எடமிருக்கு.” ஜெயலட்சுமி திருநெல்வேலியை விட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவள் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

அன்று பகல் முழுவதும் அபிராமி வேலை செய்தாள். எண் சிறுகச் சிறுக இறங்கியது. மதியம் சாப்பிட்டபின் அவள் அதே அறையில் கிடந்த திவானில் படுத்துக் கண்ணயர்ந்தாள். அப்போது எண் ஏறியது. சுவரிலிருந்து வரும் மின்கம்பி இரண்டு வேளையிலும் ஒன்றுபோலத்தான் செருகியிருந்தது. ராஜசேகரன் அமைப்புகளைத் திறந்து அந்தப் படத்தை மறைத்துவைத்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது மீண்டும் அங்கே இருந்தது.

“கை ஏன்பா இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்று அபிராமி விரல்களை நீட்டினாள். தில்லிக் குளிரில் எல்லார் கையும் சில்லிட்டுத்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். அந்தக் கட்டைவிரல் மட்டும் இரும்பைப் போல இருந்ததைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் பனி விலகவில்லை. ஜெயலட்சுமி பக்கத்து வீட்டு அம்மாளுடன் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டுப் போனாள். மறுநாள் அபிராமி தன் படத்தைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். பால் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று அவள் இருட்டும் நேரத்தில் இறங்கிச் சென்றபோது, ராஜசேகரன் தனியாக அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். வீடு அமைதியாக இருந்தது. குளிர்பதனப்பெட்டியின் உறுமலும், கணினி விசிறியின் மெல்லிய இரைச்சலும், எங்கோ பனிக்குள் கண் தெரியாமல் தடவித் தடவிப் போகும் பேருந்தின் ஒலிப்பானும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. பிறகு கீழே, படிக்கட்டின் தொடக்கத்தில், அபிராமியின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் ஏறினாள். ஐம்பத்தொன்று.

முதல் மாடித் திருப்பத்தில் செருப்பு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. ஐம்பது. சத்தம் அருகே வர வர எண் கரைந்தது. இரண்டாம் மாடியில் அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிய ஓசை கேட்டது. நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு.

கதவு திறந்தது. “படியே ஏற முடியலப்பா. பூடி ஆயிட்டேன், முழுக் கெழவி.” உதடு வெளிறியிருந்தது. சிரித்தாள்.

“இன்னைக்குப் போதும்மா. இத விட்டுரு.”

“எக்ஸ்போர்ட் மட்டும்தான் பாக்கிப்பா. நாளைக்கு சப்மிஷன். அது பாட்டுக்கு ஓடும், நான் படுத்துக்குறேன்.”

அவர் எழுந்து தடுப்பதற்குள் அவள் விசையைத் தட்டிவிட்டாள். விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் பிடித்தன. படம் முழுவதையும் ஒரே கோப்பாக்கும் அந்த வேலையில் கணினி தன் பலம் அனைத்தையும் செலவிடும். பெட்டியின் பின்புறத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது. அதில் சூடான தகரத்தின் வாடை இல்லை. காய்ச்சல்காரர் போர்வையை விலக்கும்போது எழும் வாடை இருந்தது.

திவானைப் பார்த்தார். அபிராமி சுருண்டு கிடந்தாள். முப்பது. இருபத்தைந்து.

ராஜசேகரன் பாய்ந்து வேலையை நிறுத்தினார். விசிறிகள் தணிந்தன. எண் இருபதில் நின்றது. அந்தச் சிறு கோப்பைத் திறந்தார். மடிக்கணினியின் பெயரை அழித்தார். மேசைக்கணினியின் பெயரை எழுதினார். பொய்யைத் திரும்பப் பெற்றுவிட்டால் தீர்ந்தது. மறுதொடக்கம் கொடுத்தார்.

திரை இருண்டது. விசிறி நின்றது. இரண்டு நாளாகக் காதில் நிறைந்திருந்த இரைச்சல் அற்றுப்போன அந்த நிசப்தத்தில், இன்னொரு சத்தமும் இல்லாமல் போயிருந்ததை அவர் உணர்ந்தார்.

திவானில் மூச்சுச் சத்தம் இல்லை.

“அபி.”

நெஞ்சு அசையவில்லை. வாய் சற்றே திறந்திருந்தது. கன்னத்தைத் தட்டினார். உலுக்கினார். முதுகுக்குப் பின்னால் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஊர்ந்தது. நின்றது. ஊர்ந்தது. அது நிறைந்த கணத்தில், தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்கியவளைப்போல, அபிராமி நீளமாகக் காற்றை இழுத்தாள். கண் திறக்கவில்லை.

கோப்பில் மேசைக்கணினியின் பெயர்தான் இருந்தது. மூலையில் பேட்டரியும் இருந்தது. பதினொன்று. இப்போது அதற்குப் பொய் தேவைப்படவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கதவருகே அவளுடைய தலை தோளில் தொய்ந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தார். எட்டு. கணினியை நோக்கி ஓரடி பின்வாங்கினார். நின்றது. இன்னோர் அடி. அவளைத் திவானிலேயே கிடத்தினார். ஆம்புலன்ஸுக்குப் பேசினார். “கோஹ்ரா பஹுத் ஹை, அங்கிள்,” என்றது ஒரு பெண்குரல். பனி அதிகம், வண்டி வரத் தாமதமாகும், நோயாளிக்கு என்ன செய்கிறது? முகவரியை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போது மின்சாரம் போயிற்று.

குடியிருப்பு முழுவதும் ஒரே மூச்சில் இருண்டது. குளிர்பதனப்பெட்டி அடங்கியது. எதிர் வீட்டுத் தொலைக்காட்சி பாதிச் சொல்லில் நின்றது. இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்று ஜெயலட்சுமி பலமுறை சொல்லியிருந்தாள், அவர் வாங்கவில்லை. அந்த வீட்டில் எரிவதற்கு ஒன்றுமே இல்லை.

கணினி எரிந்துகொண்டிருந்தது.

விசிறி ஓடியது. திரை வெளிச்சத்தில் மகளின் முகம் தெரிந்தது. ஐந்து. அவர் ஒன்றையும் தொடவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. ஓடினாலும் கரைகிறது. நான்கு. புல் பத்தவில்லை என்றால் அது என்ன தின்னும்? இரண்டு.

ஒன்றில் திரை தானாக மங்கியது. பிறகு அணைந்தது. விசிறி ஓய்ந்தது. பெட்டியின் முகப்பில் இருந்த சின்ன வெள்ளை விளக்கு மட்டும் மெல்ல ஒளிர்ந்து, மெல்ல மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. கணினி உறங்கிவிட்டது. எத்தனையோ மாலைகள் வராமல் அடம்பிடித்த உறக்கம்.

இருட்டில் ராஜசேகரன் மகளின் நெஞ்சில் கை வைத்தார். விளக்கு ஒளிர்ந்தபோது நெஞ்சு உயர்ந்தது. மங்கியபோது தாழ்ந்தது.

அவர் அசையவில்லை. ஒரு விசை பட்டால் அது விழித்துவிடும். மவுஸ் நூலளவு நகர்ந்தால் போதும். விழிப்பதற்கு மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். விளக்கு ஒளிர்ந்தது. மங்கியது. மின்சாரம் வரட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும். வந்து என்ன செய்யும்? ஒளிர்ந்தது. மங்கியது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் இடாத கதவு கிரீச்சிட்டது. விபூதி வாசனையும் துளசி வாசனையும் உள்ளே வந்தன.

“ஏங்க, இருட்டுக்குள்ள என்ன செய்யிறிய ரெண்டு பேரும்? தீப்பெட்டி எங்க இருக்கு? பிரசாதத்த எங்கயாவது வச்சுக்கிடுதேன்.”

கண்ணாடி வளையல்கள் இருட்டில் நடந்து வந்தன. மேசையை நோக்கி.

அவர் மற்றக் கையை மேசைப் பக்கம் நீட்டினார், எட்டவில்லை. விளக்கு மங்கியது. வளையல்கள் மேசை விளிம்பில் இடித்து ஒலித்தன.

“ஜெயா, தொடாத.”

“ஐயோ, பதறிட்டேன்ல,” என்றாள் ஜெயலட்சுமி. தடுமாறிய அவளுடைய கை, இடம் தேடி, பழகிய வழியில், புறங்கையால் எதையோ ஒதுக்கியது.

அறை முழுவதும் வெளிச்சமாயிற்று. விசிறிகள் எழுந்தன. அந்த வெள்ளை வெளிச்சத்தில், திவானில், அபிராமி கண்களை அகலத் திறந்து, தன் அப்பாவை நோக்கி மெதுவாகக் கழுத்தைத் திருப்பினாள். அவர் கைக்கடியில் அவளுடைய நெஞ்சு அசையவே இல்லை.