கீறல் விழாத வண்டி

ஆகஸ்ட் மாதம். வெளியே சோளக்காடு வாடித் தொங்கும் வெயில். தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பழைய லாரிகளைத் தொட்டால் கை சுட்டது. நீல லாரியின் முன்கண்ணாடியில் மட்டும் உறைபனி பூத்திருந்தது.

லைல் நோவாக் துணியால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. உள்பக்கம் அல்லவா இருக்கிறது, மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சும்மா இருந்தால் வீட்டுக் குளிர்பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடுவார் என்று பயந்து, மனைவிதான் நெப்ராஸ்காவின் இந்த லாரி அருங்காட்சியகத்துக்குத் தொண்டு செய்யத் துரத்தினாள். செவ்வாயும் சனியும் கிழட்டு வண்டிகளுக்கு மெருகு போடுவார். அவருக்கும் வண்டிகளுக்கும் மூட்டுகளில்தான் கோளாறு. வண்டிகளுக்காவது உதிரிபாகம் கிடைத்தது.

நீல லாரி வந்து பத்து நாள்தான். அதன் முன்னால் புதுப் பலகை: ‘பன்னிரண்டு லட்சம் மைல். விபத்தே அறியாத வண்டி. ஒரு கீறல்கூட இல்லை.’

பொய்யில்லை. அதனால்தான் லைலுக்கு அதைப் படிக்கவே பிடிக்கவில்லை. எழுபத்தெட்டு ஜனவரியில், ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்ன தம்பி எமிலை இதே வண்டியில்தான் பனிப்புயலுக்குள் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பனியைத் தோண்டிக் கதவைத் திறந்தபோது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விறைத்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது லைல்தான். வண்டியில் ஒரு கீறல் இல்லை.

அனுப்பியவன் கோர்டன். லாரிக் கம்பெனி முதலாளியின் மகன். இன்று அருங்காட்சியகத்துக்குத் தலைவன். நீல லாரிக்கான நாளைய திறப்பு விழாவுக்குப் புதுத் தொப்பி வேறு வாங்கியிருந்தான்.

“என்ன பெரியவரே, இன்னும் துடைச்சு முடியலையா?” என்றபடி கோர்டன் வந்தான். “கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு மேக்கப் போடமாட்டாங்க.”

“பலகையில எமில் பேரைப் போடு. ஒரே ஒரு வரி.”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டீரா? இது லாரி மியூசியம், லைல். கல்லறை இல்ல.”

“ஹீட்டர் ஓடலைன்னு அவன் சொன்னான். நீ என்ன சொன்னே?”

கோர்டன் சிரித்தான். “கோட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டுன்னேன். பனி பெஞ்சதுக்கும் நான்தான் பொறுப்பா?”

அங்கேயே நின்றால் அடித்துவிடுவோம் என்று லைலுக்குத் தோன்றியது. எழுபத்துநாலு வயதில் ஓங்கினால் முதலில் உடைவது தன் தோள்பட்டைதான் என்றும் தோன்றியது. எதிரே நின்ற சிவப்பு லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். பிள்ளைகள் விளையாட அதற்கு மட்டும் பேட்டரி வைத்திருந்தார்கள். ஆத்திரத்தில் முகப்பு விளக்கைப் போட்டார்.

கோர்டன் நீல லாரிக்குள் ஏறினான். “நாளைக்கு போட்டோவுக்கு எப்படி உக்காரணும்னு பாக்கறேன்! ஏய், டிரைவர் சீட் ஈரமா இருக்கே, இதைத் துடைக்கலையா?” முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொட்டகைக் கூரை வெயிலில் படபடவென்று விரியும் சத்தம் நின்றது. மெருகு மெழுகின் வாசனையையும் பழைய டீசலின் வாசனையையும் தள்ளிக்கொண்டு, நனைந்த கம்பளியும் இரும்பும் கலந்த, நாக்கில் ஒட்டும் ஒரு குளிர் வாசனை தரையோடு ஊர்ந்து, சிவப்பு லாரிக்குள் ஏறி லைலின் கணுக்காலைப் பிடித்தது. நீல லாரியின் கூரையில் ஐந்து விளக்குகளும் எரிந்தன. அதன் பேட்டரிப் பெட்டி காலி. காலையில் அவரே தூசி தட்டியிருந்தார்.

இண்டிகேட்டர் சிமிட்டியது. நின்றது. சிமிட்டியது.

லைலுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் முந்திப்போகும் லாரிக்குத் தன் வால் தாண்டிவிட்டதா என்று தெரியாது. இண்டிகேட்டர் போட்டுக் காத்திருக்கும். பின்னால் வருபவன் விளக்கை அணைத்துப் போட வேண்டும். இடம் இருக்கு, வா என்று அர்த்தம். உள்ளே வந்தவன் இருமுறை சிமிட்டி நன்றி சொல்வான்.

நாற்பது வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை விளக்கை அணைத்தது.

கை அங்கேயே நின்றது.

அணைத்தது மட்டும் பாதிச் செய்தி. அதற்கு அர்த்தம் இல்லை. இறங்கிப் போய்விடலாம்.

கோர்டன் கதவை உலுக்கினான். “லைல்! கதவு மாட்டிக்கிச்சு! குளிருதுய்யா! வெளிய விடு!”

இண்டிகேட்டர் காத்திருந்தது. பொறுமையாக. எமில் எப்போதும் அப்படித்தான். அவசரப்படாத பையன்.

“லைல்!”

“கோட்டைப் போட்டுக்கோ,” என்றார் லைல். “வாடா தம்பி. ரொம்ப நேரமா நிக்கற.”

விளக்கைப் போட்டார்.

அந்த வெளிச்சத்தில் உறைபனி ஓரங்களிலிருந்து நடுவுக்கு ஓடியது. கோர்டனின் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வெளுத்தது. அசையவில்லை. ஓட்டுநர் பக்கம் உள்ளங்கையளவு இடம் மட்டும் மிச்சம். அதற்குள் ஸ்டியரிங். அதன்மேல் அவர் ஒருநாள் பிரித்தெடுத்த விரல்கள். ஒன்று மடங்கியது. இன்னொன்று. பத்தும்.

கண்ணாடி முழுக்க வெள்ளை.

கூரை விளக்குகள் சிமிட்டின.

இன்னொரு முறை.