மரிக்கொழுந்து மெத்தை

முதல் பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அகஸ்டினா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

அவள் வீட்டு மாடி ஜன்னலில் மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தை மட்டுமா... விரிப்பு, போர்வை, இரண்டு தலையணை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்பது போலத் தெருவைப் பார்த்து வரிசையாகத் தொங்கின.

பால்காரி மணியம்மாள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா... மூட்டைப்பூச்சியா?"

"எங்க வீட்லயா? வாரத்துக்கு ரெண்டு தரம் வெளுக்கற வீடு இது" என்றாள் அகஸ்டினா. முகம் சூடேறியது. தலையில் போட்டிருந்த முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் உள்ளே போய், மாடிப்படிகளில் விறுவிறுவென்று ஏறினாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில்தான் மாடி அறையை வாடகைக்கு எடுத்த அந்த ஆள் வந்து இறங்கியிருந்தான். தெற்கே பக்கத்திலுள்ள கூடலூர்க்காரன், கப்பலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுகிற வேலையாகப் பதினைந்து நாள் தங்கப் போகிறான், பேர் லூர்துநாதன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தே இருந்தது. அவன் வெறும் கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். காலடி கேட்டுத் திரும்பினான். பெரிய கண்கள். இரண்டும் சிவந்து நீர் கோத்து, அப்போதுதான் அழுது ஓய்ந்த குழந்தையின் கண்களைப் போல இருந்தன. சண்டை போட வந்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மெத்தையை எதுக்கு வெளிய போட்டிருக்கீங்க?"

"காத்தாடத்தான்..." என்று ஆரம்பித்தவன் மூன்று தும்மல் தும்மிவிட்டு, புதுச்சேரி வழக்கப்படி பிரெஞ்சு மரியாதையோடு மன்னிப்புக் கேட்டான். "மன்னிச்சிக்குங்க மம்செல். நேத்து தலை வச்சதுலேர்ந்து இதே கதிதான். மரிக்கொழுந்து, தவனம், வெட்டிவேரு, சாம்பிராணி... அதுக்கு மேல ஓடிகொலான். இது படுக்கையா, தேரா?"

அவள் திகைத்துப்போனாள். அவன் சொன்ன ஐந்தும் சரி. வெளுத்து வந்த விரிப்பை வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் அலசி, காய்ந்ததும் சாம்பிராணிப் புகை காட்டி, மரிக்கொழுந்தையும் தவனத்தையும் தலையணை உறைக்குள் திணித்து, கடைசியில் ஓடிகொலான் வாசனைத் தண்ணீரைத் தெளிப்பது அவள் கைதான். இதுவரை ஒருத்தரும் இப்படிப் பேர் பேராகப் பிரித்துச் சொன்னதில்லை.

"இதுக்கு முன்னால இங்க தங்கினவங்க யாரும் ஒண்ணும் சொல்லல."

"அவங்களுக்கெல்லாம் ஜலதோஷமா இருந்திருக்கும்."

சிரிப்பு வந்தது. ஆனால் கீழே மணியம்மாள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டு, மெத்தையை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துப் போட்டாள்.

"தெருவுல எங்க மானத்தை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பின்னாளில் இந்தக் காலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தான் கோபமாக இருந்ததாகவே அகஸ்டினா சாதிப்பாள். ஆனால் படி இறங்கும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டதும், கூடத்துக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டதும் அவளுக்கு மறக்கவில்லை.

அது முப்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம். புதுச்சேரி அப்போது அமைதியான ஊர். கோவில் மணிக்கு எழுந்து கோவில் மணிக்கு அடங்கும். வண்டிக்காரன் பின்னாலிருந்து தள்ள, புஷ்வண்டிகள் மெல்ல உருண்டு போகும். சாயங்காலம் கடற்கரையில் பாண்டு வாசிக்கும்போது அப்பா லூயிஸ் தன் பழைய பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார். ஒரு பக்கம் அவர் மனைவி அந்தோணிமேரி, மறுபக்கம் மகள். காற்றில் அம்மாவின் கூந்தலிலிருந்து மரிக்கொழுந்து மணக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோர் தலையணைக்கடியிலும் அம்மா ஒரே ஒரு கொத்து வைப்பாள். ஒரே ஒரு கொத்து... அதற்கு மேல் வைத்தால் வாசனை போய் வாடையாகிவிடும் என்பாள்.

அம்மா போய் இரண்டு வருஷம். பதினொரு மாதம் அந்த மாடி அறையிலேயே படுத்திருந்துவிட்டுப் போனாள். பிறகு அப்பா கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாடி அறை வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், துறைமுக வேலையாக வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

லூர்துநாதன் அதற்கப்புறம் மெத்தையை ஜன்னலில் போடவில்லை. சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, தன் வேட்டியை விரித்துப் படுத்துக்கொண்டான். அகஸ்டினாவும் விடவில்லை. அவன் வேலைக்குப் போனதும் மெத்தையைப் பிரித்துப் போட்டு, புது மரிக்கொழுந்தாக வாங்கித் திணித்தாள். இப்படி ஐந்து நாள் ஓடியது. படியில் எதிரே வரும்போது இரண்டு பேரும் ஒதுங்கி நிற்பார்கள். "நீங்க போங்க..." "இல்ல, நீங்க போங்க..." அவன் தும்முவான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போவாள்.

ஒருநாள் கூடத்தில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான். என்ன வேலை தம்பி என்று அப்பா கேட்டதற்கு, மூக்குதான் ஐயா என் வேலை என்றான். மூட்டையைக் குத்தி, ஒரு கை மல்லாட்டையை எடுத்து மோந்தாலே போதுமாம். ஈரம் பட்டதா, சிக்கு வாடை அடித்துவிட்டதா, எந்த ஊர் மண் என்றுகூடச் சொல்லிவிடுவானாம். அப்பா சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கதவுக்குப் பின்னால் நின்ற அகஸ்டினா எண்ணிப் பார்த்தாள்.

ஆறாம் நாள் காலை அவள் கொல்லைக்குப் போனபோது, அவன் கிணற்றடியில் குந்தி விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தலையணை உறைகள்.

"என்னா செய்யறீங்க? வீட்ல தங்க வந்தவங்க துணி துவைக்கறதா... பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"யாரும் பாக்கல. நீங்க மட்டுந்தான்."

"வைங்க கீழ."

அவன் வைத்தான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இந்த முறை கண்ணில் குறும்பு இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? மல்லாட்டையில சிக்கு அடிச்சிருந்தா சில வியாபாரிங்க மூட்டைக்குள்ள வேப்பிலையும் வசம்பும் போட்டு எடுத்துக்கிட்டு வருவாங்க. வாசனை எங்க ஜாஸ்தியோ, அங்கதான் நான் ஆழமாக் குத்திப் பாப்பேன்." சற்றுத் தயங்கினான். "அந்த ரூம்புல எதை மறைக்கறீங்க?"

யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது அவளுக்கு. இரண்டு வருஷமாக அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை, வந்து ஆறு நாள் ஆனவன் கிணற்றடியில் நின்று கேட்கிறான்.

"நாங்க ஒண்ணும் சொத்தை மல்லாட்டை வியாபாரம் பண்ணல" என்றாள். "நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அவன் வாதாடவில்லை. அன்று மத்தியானமே முதலியார்பேட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் அகஸ்டினா மாடிக்குப் போனாள். விரிப்பு மடித்து வைத்திருந்தது. மெத்தையில் மரிக்கொழுந்து வாடிப்போயிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்... வந்துவிட்டது. மருந்துத் தைலம், வியர்வை, புண், கடைசி நாட்களில் அம்மாவின் மூச்சிலிருந்த அந்த வாடை. எத்தனை சுண்ணாம்பு அடித்தும், எத்தனை தரம் கழுவியும் போகாத வாடை. அவளுக்கு அழுகை வந்தது. எப்போதும் போலச் சாம்பிராணி தேடி எழுந்தவள், எழுந்தபடியே நின்றாள். அடுத்து வருகிறவரும் தும்முவார். அப்புறம் இன்னும் ஒரு கொத்து, இன்னும் ஒரு புட்டி... எதுவரைக்கும்?

கீழே அப்பா நாற்காலியில் இருந்தார்.

"அந்தத் தம்பி போறப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேன்னு."

அவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அவரு கேட்டதுல என்னாம்மா தப்பு? எனக்கும் கேக்கணும்னுதான் இருந்திச்சு. பயமா இருந்திச்சு... கேக்கல."

அதற்கடுத்த நாள் பருவம் தப்பி மழை வந்தது. காலையில் தூறலாக ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கொட்டியது. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. அகஸ்டினா ஜன்னலோரம் நின்று பார்த்தாள். கப்பல் துறைப் பாலத்துப் பக்கம் மூட்டைகள் நனையுமே, அவன் ஓடிக்கொண்டிருப்பானே என்று ஒரு நினைப்பு ஓடியது. அவன் நனைந்தால் உனக்கென்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மழை கொஞ்சம் விட்டதும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, துணைக்கு மணியம்மாளைக் கூட்டிக்கொண்டு, குடையோடு கிளம்பிவிட்டாள்.

கிடங்கு வாசலில் மூட்டைகள் மலைபோல அடுக்கியிருந்தன. மழை நின்றதும் சலங்குப் படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு மூட்டையருகே குனிந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே விட்டான்.

"நீங்களா... ஐயாவுக்கு ஏதாவது..."

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல." குடைக்குள் அவள் முகம் சிறுத்துப்போயிருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. "நீங்க ஒரு தரம் வந்து... அந்த ரூம்பை மோந்து பாக்கணும்."

மணியம்மாள் வாயைப் பிளந்தாள். அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை.

"வேலை முடிஞ்சதும் வரேன்" என்றான்.

நாலு மணிக்கு வந்தான். அப்பா அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மணியம்மாள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மெத்தையையும் தலையணையையும் அகஸ்டினா முன்னமே எடுத்துவிட்டிருந்தாள். அறை வெறுமையாக இருந்தது.

"இங்கதான் எங்க அம்மா பதினோரு மாசம் படுத்திருந்தாங்க" என்றாள் வாசலில் நின்றபடியே. "நான்தான் பாத்துக்கிட்டேன். அந்த வாடை இன்னும் போகல. எனக்குத் தெரியுது. வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுதேன்னுதான்... எங்க அம்மாவை நெனச்சு யாரும் மூக்கைச் சுளிச்சிடக்கூடாது."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கண்ணை மூடிக்கொண்டான். சுவரோரமாக மெல்ல நடந்தான். கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்தான். தரையில் மண்டியிட்டுக் குனிந்தான். கதவின் பின்புறம், ஜன்னல் கட்டை, பரணுக்குக் கீழ் மூலை... ஒன்றையும் விடவில்லை. இத்தனை பக்தியோடு ஒருத்தன் எதையும் தேடி அவள் பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்தான்.

"சுவத்துல சுண்ணாம்பு. கட்டில் தேக்கு, பழசு. ஜன்னல்ல உப்புக்காத்து. பக்கத்து வீட்டு முல்லை எட்டிப் பாக்குது. பரண்ல ஒரு எலி குடியிருந்திருக்கு. உங்க அஞ்சு வாசனையும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு." நிறுத்தினான். "அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"எனக்காகச் சொல்லல இல்ல?"

"மூக்கு விஷயத்துல நான் பொய் சொன்னா அப்புறம் எனக்குச் சோறு ஏது?" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க அப்பா செத்து ஒரு வருஷம், தெனம் விடியக்காலையில அவரு இருமற சத்தம் எனக்குக் கேக்கும். எங்கம்மாவுக்குக் கேக்கல. எனக்கு மட்டுந்தான். கடைசி வரைக்கும் கூட இருந்தவன் நான்... அதனாலதான்னு நெனைக்கறேன்."

அவள் அழுதாள். கதவில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு வருஷத்து அழுகையை அழுதாள். அவன் ஆறுதல் என்று ஒன்றும் சொல்லவில்லை. போகவுமில்லை. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் அழுது முடிக்கும்வரை இரண்டடி தள்ளி நின்றுகொண்டே இருந்தான்.

முந்தானையை விலக்கிப் பார்த்தாள். அவன் கண்களும் சிவந்திருந்தன. இப்போது தும்மல் இல்லை.

"சனிக்கிழமை கப்பல் போயிடும்" என்றான். "நானும் கூடலூருக்குப் போயிடணும்."

"தெரியும்..."

"முதலியார்பேட்டையில தலையணைக்கு ஒரு வாசனையும் கெடையாது. நல்லாத் தூங்கியிருக்கணும். ரெண்டு நாளாத் தூக்கமே வரல." வார்த்தைகளைத் தேடினான். "உங்க மனசைப் புண்படுத்திட்டோமேன்னு மொதல்ல நெனச்சேன். அது மட்டும் இல்ல... உங்களைப் பாக்காம இருக்க முடியல. இன்னிக்கு நீங்க குடையோட வந்து நின்னப்பதான் எனக்கே வெளங்கிச்சு. சொல்லாமப் போனா அது பொய் சொன்ன மாதிரிதான். அதான் சொல்லிட்டேன்."

அகஸ்டினா தலை குனிந்தாள். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. கீழே அப்பா இருமாமல், நாற்காலியை அசைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல வீடு அமைதியாக இருந்தது.

"அப்பாவை விட்டுட்டு நான் தூரமா எங்கயும் போக முடியாது" என்றாள்.

"கூடலூரு தூரமா? காலையில கெளம்பினா மத்தியானச் சோத்துக்கு இங்க இருக்கலாம். மல்லாட்டைக் காலம் முழுக்க எனக்கு இங்கதான் வேலை."

"இதை எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்..."

அவன் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. நிமிர்ந்தாள். அவன் வந்த நாளிலிருந்து அன்றுதான் அவனை நேருக்கு நேர், கண்ணுக்குள் பார்த்தாள்.

"உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க வந்து அப்பாகிட்ட கேக்கட்டும்" என்றாள். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ என்று ஒரு அடி முன்னால் வந்தாள். "பொண்ணு என்ன சொல்லுதுன்னு உங்க அம்மா கேட்டா... அதுக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."