ஏழு வினாடி வணக்கம்

தடாரென்று கதவு திறந்தது. தடுப்பூசிக் கண்காணிப்பு அலுவலகத்துக்குள் ஒரு தச்சர் நுழைந்தார்; பின்னாலேயே ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அவர் மனைவி. செவ்வாய்க்கிழமை கக்குவான் இருமல் ஊசி. அன்று மாலையே பிள்ளைக்கு வலிப்பு. அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தூக்கிப்போனவள் இவள்தானாம். மூன்று நாளாக அவளோடு பேச்சில்லை.

அலுவலகத்தின் டாக்டரம்மா முதல் வேலையாக, அன்றே மூளை நரம்பு மருத்துவர் குழந்தையைப் பார்க்க ஏற்பாடு செய்தார். அதற்குள் உதவியாளர் 'பட்டாசு' கணினியைத் தட்டி முடித்திருந்தாள். அதே மருந்து போட்ட எண்ணூறு பிள்ளைகளில் வேறு யாருக்கும் வலிப்பில்லை.

"அதுக்காக இந்தப் பிள்ளைக்கும் ஊசியால இல்லேன்னு ஆயிடுமா? ஊசி மேல தப்பிருந்தா முதல்ல எழுத வேண்டியது நாமதான்" என்றார் டாக்டரம்மா. பட்டாசு நமத்துப்போனாள்.

ஊசி வலது தொடையில். மேலே ஒட்டிய வட்டப் பிளாஸ்திரியை மறுநாள் குளிப்பாட்டும்போதுதான் உரித்தாளாம் தாய்.

தச்சர் தன் ஃபோனை நீட்டினார். செவ்வாய் மாலை அவர் வேலையிலிருந்தபோது அவருடைய அக்கா அனுப்பிய வீடியோ. வெற்றுடம்போடு படுத்திருந்த பிள்ளையின் தலை சட்டென்று முன்னே வெட்டியது. இரு கைகளும் விரிந்து கூடின. பட்டாசு எண்ணினாள். ஏழு வினாடி கழித்து மறுபடி. மறுபடியும் ஏழு. இத்தனை சின்னத் தலைக்குள் யார் உட்கார்ந்து கணக்குத் தப்பாமல் மணியடிக்கிறார்கள்?

"தொடையைப் பாரு. பிளாஸ்திரி எங்கே?" என்றார் டாக்டரம்மா.

"அனுப்பினது செவ்வாய்..." பட்டாசின் குரல் தணிந்தது. "எடுத்தது என்னிக்கு?"

டாக்டரம்மா ஃபோனைத் தாயிடம் காட்டினார். பேச்சே இல்லாத வீட்டில் அவளிடம் அதை யார் காட்டியிருப்பார்கள்?

"இது ஞாயித்துக்கிழமைங்க, டாக்டர். இவர் வேலைக்குப் போயிருந்தாரு. இவரோட அக்கா, எங்க அண்ணி, வந்து இதை எடுத்துட்டு அன்னிக்கே கிளம்பிட்டாங்க."

ஊசிக்கு இரண்டு நாள் முந்தியே தொடங்கிவிட்டது. இந்த வயதில் தலைகாட்டும் இந்த வகை வலிப்பு, ஆரம்பத்தில் விளையாட்டு போலத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. செவ்வாயன்று ஓங்கியதால் கண்ணில் பட்டது. உடனே மருந்தைத் தொடங்கினால் நல்ல வாய்ப்பு உண்டு.

தாய் அழுதாள். "அண்ணிக்கு வணக்கம் சொல்றான்னு சிரிச்சேனே."

தச்சர் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மூன்று நாளில் முதல் முறையாக மனைவியிடம் பேசினார்.

"போன வாரம் பூரா காலையில எனக்கும் சொன்னான். நானும் பதிலுக்கு வணக்கம் வச்சுட்டுத்தான் வேலைக்குப் போனேன்."