தரைக்கு ஒரு கும்பிடு

காலை ஏழு பத்துக்கு அம்சவேணியின் வலது கை தகடு அழுத்தும் பிரஸ்ஸின் அடியில் இருந்தது. எண்ணெயில் கால் வழுக்கியபோது விழாமலிருக்க நீட்டிய கை. இறங்கிய இரும்பு ஒரு விரல் அகல இடைவெளியில் நின்றுவிட்டது.

கையை இழுத்துக்கொண்டாள். ஐந்து விரல்களும் இருந்தன. இடது கையில் மூன்றுதான். அது காவல்தரை வருவதற்கு முன்பு நடந்தது.

குனிந்து, தரையில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்து மிஷின்காரர்களும் வந்து தரையைத் தொட்டார்கள்.

"உன்னையுஞ் சேத்து இந்த மாசம் நாலு பேரு தப்பிச்சாச்சுக்கா," என்றான் கிட்டுசாமி. "தரைக்கு ஒரு கெடா வெட்டிரலாமா?"

"ரத்தம் சிந்தறதுக்குள்ள தொடச்சிரும், போடா."

கோவை பம்பு ஆலையின் அந்தக் கூடத்தில் காவல்தரை பதித்து மூன்று வருடம். ஓடுகளுக்கு அடியில் உணரிகள், சுவரிலும் கூரையிலும் விழுந்ததை எடுக்கும் இயந்திரப் பொறுக்கிக் கைகள். ஆபத்தென்றால் மிஷினையும் தரையே நிறுத்திவிடும். கீழே விழுந்த நட்டு மறு நிமிடம் தன் டப்பாவில் இருக்கும். ஸ்பேனர், பலகையில் வரைந்த தன் உருவத்துக்குள் போய்த் தொங்கும். முதல் இரண்டு வருடம் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தரையை யாரும் நினைக்கவும் இல்லை. போன வருடம் கிட்டுசாமி மேல் சரிந்த தகடுகளைப் பொறுக்கிக் கை தாங்கிப் பிடித்தது. அவன்தான் முதலில் தொட்டுக் கும்பிட்டான். அதுவே வழக்கமாயிற்று.

மறுநாள் தரையைச் சோதிக்க நஸ்ரின் வந்தாள். அதை வடிவமைத்த பொறியாளர்களில் ஒருத்தி. கேண்டீனில் அம்சவேணியின் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த எண்ணெய் ஆறு ஐம்பத்தொன்பதுக்கே சிந்தியிருக்கு."

"தரைக்குத் தெரியலீங்களா?"

"அந்த நொடியே தெரியும். துடைக்க நாலு நொடி போதும். துடைக்கல."

"ஏனுங்?"

"நீங்க தரையைத் தொட்டுக் கும்பிட்டா, நல்ல வேலை செஞ்சோம்னு அது எடுத்துக்கும். அப்படித்தான் அதை வடிவமைச்சோம். ரெண்டு வருசம் துடைச்சுது, ஒரு கை வரல. ஒருத்தரைக் காப்பாத்துச்சு, இருபது கை வந்துச்சு."

"அப்ப எங்களக் கொல்லப் பாத்துச்சா?"

"இல்லக்கா. காப்பாத்தப் பாத்துச்சு. அதுக்கு ஆபத்து வேணுமே. வேணும்னா தரையையே நிறுத்திரலாம்."

அம்சவேணி இடது கையை மேசைமேல் வைத்தாள். "நிறுத்துனா இதுதானுங்."

நஸ்ரின் அந்த மூன்று விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க சொல்லிக்கொடுத்ததை நீங்கதான் மறக்க வைக்கணும். காப்பாத்துனா யாரும் தொடாதீங்க. ஒண்ணும் நடக்காத நாள்ல, சாயங்காலம் எல்லாரும் தொடுங்க. ஆனா ஒண்ணு. கொஞ்ச நாளைக்கு, கை வரலையேன்னு ஆபத்தை இன்னும் கிட்டக்க விட்டுக் காப்பாத்தும். அப்ப ஒருத்தர் தொட்டாலும் போச்சு. அந்தக் கிட்டத்தையே பழகிக்கும்."

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் இருபது பேரும் குனிந்தார்கள். ஒன்றும் நடக்காததற்குக் கும்பிடுவது அம்சவேணிக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பார்த்தாள். ஈரமில்லாத தரை. இடத்தில் இருந்த ஸ்பேனர்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாற்பது கைகள். இவ்வளவையும் மூன்று வருடமாக வாங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

நான்காம் நாள் பாரந்தூக்கியின் கொக்கியிலிருந்து ஒரு மோட்டார் நழுவியது. கிட்டுசாமி கீழே நின்றிருந்தான். பொறுக்கிக் கை அதைப் பிடித்தபோது இரும்பு அவன் தலைமயிரில் உரசியது.

அவன் முழங்காலிட்டான். கை தரைக்குப் போனது. அம்சவேணி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாண்டா. தொட்டீன்னா அடுத்தவனுக்கும் இதே கிட்டத்துல வரும்."

கிட்டுசாமி கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

"எம்புள்ளைக்கு இன்னைக்கு அப்பன் இருக்கான்க்கா. ஒரு கும்பிடு போடாம நான் எப்படிக்கா எந்திரிச்சுப் போவேன்?"