கழன்று ஓடு, சக்கரமே!

போன் அலறியது!

மாதவன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

காலையிலிருந்து இந்தப் போனுக்காகத்தான் காத்திருக்கிறான். மான்ட்ரியலை ஒட்டிய லவாலில், தன் அபார்ட்மென்ட்டின் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, "ஐயோ... அழகேசா!" என்று அழுதும் பழகிவிட்டான். இடது கண்ணில் மட்டும்தான் தண்ணீர் வந்தது. பரவாயில்லை, துக்க வீட்டில் யார் கண்ணை எண்ணப் போகிறார்கள்?

அழகேசனின் மனைவி பார்கவியாகத்தான் இருக்கும்.

திரையைப் பார்த்தான்.

'அழகேசன்' என்றது!

செத்தவன் கூப்பிடுகிறான்!

"ஹ... ஹலோ..."

"டேய் மாதவா! உடனே பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குக் கிளம்பி வாடா!"

"நீ... நீ இன்னும் காரை எடுக்கலையா? ஹைவேல ஒரு மிதி மிதிக்கப் போறேன்னியே?"

"எங்கடா மிதிக்கறது? ஒன்பது மணியிலேருந்து எனக்கு சந்திராஷ்டமம். ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுங்கறா பார்கவி. உன் துலா ராசிக்கு 'பயணம்'னு காலண்டர்ல போட்டிருக்கு. முதல் ஓட்டம் நீதான்!"

இப்போது மாதவனுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

இரண்டு பேரும் சென்னையிலிருந்து வந்து ஒரே ஐ.டி. கம்பெனியில் குப்பை கொட்டுகிறவர்கள். போன மாதம் டீம் லீட் பதவி அழகேசனுக்குப் போனது. மாதவன் கை குலுக்கினான், கேக் ஊட்டினான். வயிறு மட்டும் பற்றி எரிந்தது.

அழகேசனுக்குப் பழைய அமெரிக்க மசில் கார் ஒன்று உண்டு. இன்ஜின் சிங்கம்தான். ஆனால் முன் சஸ்பென்ஷன் தொளதொளத்துப்போய், திருப்பத்தில் தெப்பம் மாதிரி ஆடும். பழைய ஸ்பிரிங்கையும் ஆர்மையும் தூக்கி எறிந்துவிட்டு, நேற்றுக் காலையில் இருவருமாகப் புதிய செட்டை மாட்டினார்கள்.

அழகேசன் காபி எடுக்க உள்ளே போனான்.

மாதவன் குனிந்தான். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் நட்டைத் தளர்த்தினான். நட் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

விரல் நீளம்கூட இல்லாத கம்பி. ஹைவேயில் நட் கழன்றால் சக்கரம் ஒரு பக்கம், டீம் லீட் ஒரு பக்கம்!

அந்த ஸ்பிளிட் பின் இன்னும் பாக்கெட்டில்தான் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் திரும்பச் செருகிவிடலாம் என்று அடித்துப் பிடித்து அழகேசன் வீட்டுக்கு ஓடினான்.

அங்கே ஊரே முன் சக்கரத்தைச் சுற்றி நின்றது!

பார்கவி பானெட்டில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுச் சாம்பவி தட்டில் சுண்டலோடு நின்றாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மான்ட்ரியல் போலீஸில் வேலை!

"எனக்கு வயிறு சரியில்லடா..." என்றான் மாதவன்.

"பூஜை போட்ட வண்டி, எல்லாம் சரியாயிடும். ஏறு!"

"லைசென்ஸை வீட்லயே வச்சிட்டு..."

"சட்டைப் பையில எட்டிப் பாக்குது, அண்ணை," என்றாள் சாம்பவி. "பயப்பிடாதேங்கோ. நானும் வாறன்."

பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அழகேசன் முன்னால், மாதவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பூஜைத் தேங்காயை சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டான்.

கார் உறுமியது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சக்கரம் கழலவில்லை!

மாதவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். எங்கே, எந்தத் திருப்பத்தில் கழலும்? தன் சாவுக்குத் தானே ஸ்பானர் பிடித்தவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"ஏன்டா இருபதுலயே உருட்டற? பின்னாடி சைக்கிள்காரன் பெல் அடிக்கறான்!"

"ரோ... ரோடு குண்டும் குழியுமா இருக்கே..."

"மான்ட்ரியல் ரோடு என்னிக்குடா நல்லா இருந்துச்சு? அதுக்குத்தானே புது சஸ்பென்ஷன்! ஹைவேல ஏத்து!"

மிதித்தான். நாற்பது... அறுபது... எண்பது...

டக்!

"கேட்டுச்சா?" மாதவன் குரல் கீச்சிட்டது.

"என்ன?"

டக்... டக்... டடக்!

"கழலுது! ஐயோ, சக்கரம் கழலுது! நான்தான்டா செஞ்சேன்! நட்டை லூஸாக்கி பின்னை உருவிட்டேன்! உன்னைக் கொல்லத்தான்... நான் சாக மாட்டேன்!"

காரை ஓரத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, புல்லில் போய் விழுந்தான்.



கார் நான்கு சக்கரத்தில் ஜம்மென்று நின்றது.

திறந்த கதவு வழியாகத் தேங்காய் உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. டக்!

அழகேசன் மெல்ல இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப அந்தப் பின்னு... நீ எடுத்ததா?"

"உ... உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணு குறையுதுன்னு மட்டும் தெரியும். நேத்து நாம முடுக்கினது ராகு காலமாம்டா! பார்கவி காலண்டரைப் பார்த்துட்டுக் குதிச்சா. அதான் காலையில, சந்திராஷ்டமம் தொடங்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கழட்டி நல்ல நேரத்துல திரும்ப மாட்டினேன். புதுப் பின் போட்டேன்."

அது சென்னைக் காலண்டர். மான்ட்ரியல் விடியலுக்கும் அந்த ராகுவுக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தாலும் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டது!

சாம்பவி கைக்குட்டையை விரித்தாள்.

"பொக்கெற்றில இருக்கிறதை இதில வையுங்கோ, அண்ணை."

மாதவன் பின்னை எடுத்து வைத்தான். குட்டிக் கம்பி பளபளத்தது.

"நான்... நான் ஒண்ணும் சொல்லலையே..."

"ஓம், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கத்தினீங்கள்! மிச்சத்தைப் பேந்து ஸ்டேஷனில கதைப்பம்."

சாம்பவி போனில் கூப்பிட்டிருந்த போலீஸ் வண்டியின் சைரன் நெருங்கியது. அழகேசன் தன் நண்பனைப் பார்த்தான். கேக் ஊட்டிய கை. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டான்.

"ஏன்டா?"

"டீம் லீட்... எனக்கு வர வேண்டியதுடா..."

அழகேசன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கொலையைக்கூட ஒழுங்கா டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்றவனுக்கு டீம் லீட் கேக்குதா?"